மனவுறுதி என்றொரு சொல்: வன்னிப் பெண்களின் முகாம் எழுத்துகளை முன்வைத்து

போர்க்காலத்தில் அடைத்துவைக்கப்பட்ட பெண்களைப் பற்றி யார் எழுதினாலும், எந்த மண்டபத்தில் நூல் வெளியிட்டாலும், தவறாமல் வந்துவிடும் சொல் 'மனவுறுதி'. மேடையில் ஒருவர் எழுந்து, "இத்தனையும் அனுபவித்தும் உடையாமல் இருந்தார்களே, என்ன உறுதி!" என்பார். சபை கைதட்டும். பிறகு தேநீரும் பற்றிஸும் வரும். அந்தச் சொல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது மிகச் சீக்கிரமாகச் சொல்லப்பட்டுவிடுகிறது என்பதுதான் என் குறை. உறுதி என்று சொன்ன மாத்திரத்தில், அந்தப் பெண்ணை யார் அடைத்தார்கள், என்ன சட்டத்தின் கீழ் அடைத்தார்கள், எத்தனை மாதம் வைத்திருந்தார்கள் என்ற கேள்விகள் பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. அடைத்தவர்களுக்கும் இது வசதி, பாராட்டுகிறவர்களுக்கும் வசதி.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டவை மூன்று நூல்கள்: தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) என்ற நாவல், தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' (2016) என்ற தன்வரலாறு, வெற்றிச்செல்வியின் 'ஆறிப்போன காயங்களின் வலி' என்ற முகாம் நினைவுகள். மூவரும் வன்னியில் விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு இருந்தவர்கள். இறுதிப் போரைக் கேள்விப்பட்டு எழுதியவர்கள் அல்லர், அதற்குள்ளே நின்றவர்கள். இவர்களை வாசிப்பதில் நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அதைப் பேசாமல் விடப்போவதில்லை. ஆனால் முதலில் இடத்தைச் சொல்லவேண்டும்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், விசுவமடுவைத் தாண்டி, வள்ளிபுனத்துக்கு முன்னால் வருவது உடையார்கட்டு. குளம், வயல், பனை, ஒரு மகா வித்தியாலயம். 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி விமானக் குண்டுவீச்சில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் பலியான செஞ்சோலை வளாகம் அடுத்த ஊரான வள்ளிபுனத்தில்தான் இருந்தது. 2009 ஜனவரி மூன்றாம் வாரத்தில் அரசாங்கம் முதலாவது 'பாதுகாப்பு வலயத்தை' அறிவித்தது. சுமார் 35 சதுர கிலோமீட்டர். உடையார்கட்டும் சுதந்திரபுரமும் வள்ளிபுனமும் அதற்குள் அடக்கம். கிளிநொச்சிப் பக்கமிருந்து பெயர்ந்து பெயர்ந்து வந்த சனம் அங்கே குவிந்தது. அந்த மாதம் முடியுமுன்னரே வலயத்துக்குள் ஷெல் விழுந்தது. ஐ.நா. பணியாளர்கள் தங்கியிருந்த சுதந்திரபுரத்தில் விழுந்தது, உடையார்கட்டில் இயங்கிய தற்காலிக ஆஸ்பத்திரியிலும் விழுந்தது. அதே வேளை, வலயத்தை விட்டு வெளியேற முயன்றவர்களை இயக்கம் மறித்தது, பிறகு சுட்டது. வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கிய ஆட்பிடிப்பில் அடுத்த பிள்ளையையும் கேட்டது. 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை இரண்டு பக்கத்தையும் பதிவுசெய்திருக்கிறது.

நான் ஏன் இங்கிருந்து தொடங்குகிறேன் என்றால், வன்னிப் பெண்கள் சிறைப்பட்டது செட்டிகுளத்து முள்கம்பிக்குப் பின்னால் மட்டும் என்று எழுதுவது பாதி உண்மை. மேற்கே போனால் ஆமி, கிழக்கே போனால் கடல், நடுவில் இயக்கத்தின் காவல். உடையார்கட்டு அப்போதே ஒரு அடைப்புத்தான். கம்பி மட்டும் இல்லை. அரசாங்கத்தை மட்டும் குறை சொல்கிறவர்களுக்கு உடையார்கட்டு தொல்லை தரும். இயக்கத்தை மட்டும் குறை சொல்கிறவர்களுக்கு மெனிக்பாம் தொல்லை தரும். அந்தப் பெண்களோ இரண்டுக்குள்ளும் இருந்தவர்கள்.

'ஊழிக்காலம்' இந்த முதல் அடைப்பின் நாவல். பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பெயரும் ஒரு வயதான பெண்ணின் கண் வழியாகக் கதை போகிறது. இது நாவலா, நாட்குறிப்பா என்று விமர்சகர்கள் கேட்டிருக்கிறார்கள். கட்டுக்கோப்பு இல்லை, ஒரே மாதிரியான இடப்பெயர்வு திரும்பத் திரும்ப வருகிறது என்றும் சொன்னார்கள். எனக்கு அந்தத் திரும்பத்திரும்பதான் நாவலின் பலமாகப் படுகிறது. அடுப்பு மூட்டவேண்டும், பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுக்கவேண்டும், பங்கர் வெட்டவேண்டும், மறுநாள் அதை விட்டுவிட்டு அடுத்த இடத்தில் இன்னொன்று வெட்டவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் எதை எடுப்பது, எதை விடுவது என்ற முடிவைக் குடும்பத்தில் யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அது பெண். உறுதி என்று மேடையில் சொல்லப்படுவது இந்த எழுத்தில் ஒரு குணமாக வருவதில்லை, வேலையாக வருகிறது. அந்த வேலையில் அலுப்பு இருக்கிறது, எரிச்சல் இருக்கிறது, பக்கத்துத் தறப்பாள்காரியோடு சண்டையும் இருக்கிறது.

வன்னியின் கடைசி மாதங்களைப் பற்றிப் பேசும் எல்லாரும் சொல்லும் ஒரு செய்தி, சேலைகளைப் பற்றியது. மணல் மண்ணில் வெட்டிய பங்கர் சரியும்; மண்மூட்டை அடுக்க உரப்பை கிடைக்காது. பெண்கள் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பினார்கள். பருத்திச் சேலை முடிந்ததும் பட்டு, பட்டு முடிந்ததும் கூறைச் சேலை. ஊசியும் நூலும் வைத்திருந்தவள் அந்தக் குடும்பத்தின் காவல்காரி. இதைத் தியாகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அதை ஒரு கணக்காகப் பார்க்கிறேன். ஒரு சேலையில் எத்தனை பை வரும், எத்தனை பை அடுக்கினால் பிள்ளையின் தலை மறையும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட பெண்ணின் புத்தியை, 'தியாகம்' என்ற சொல் மூடிவிடுகிறது.

இன்னொன்று கூந்தல். இயக்கத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு முடி கட்டையாக வெட்டப்பட்டது. மே மாதத்தில் இராணுவப் பக்கம் வந்தபோது அந்தக் கட்டை முடியே காட்டிக்கொடுத்தது. விருப்பமில்லாமல் இழுத்துச் செல்லப்பட்டு நாலு கிழமை இருந்த பிள்ளைக்கும் அதே முடிதான், பத்து வருடம் சண்டை பிடித்தவளுக்கும் அதே முடிதான். தலையைத் துணியால் மூடிக்கொண்டு, கைக்குழந்தை ஒன்றை இரவல் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். இரவல் கொடுத்த தாயின் உறுதியை எந்த மேடையிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இனி முள்கம்பி. 2009 மே மாதத்துக்குப் பிறகு வவுனியா மாவட்ட முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,80,000 பேர். பெரும்பாலானோர் செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் காடு வெட்டி அமைத்த மெனிக்பாமில். அதன் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெயரிட்டார்கள். (தமிழ்ப் பெரியார்களின் பெயரை முள்கம்பிக்குச் சூட்டும் யோசனை யாருக்கு வந்ததோ.) சரணடைந்த போராளிகள் மட்டுமல்ல, கிழவிகளும் கர்ப்பிணிகளும் பால்குடிப் பிள்ளைகளும் 2009 டிசம்பர் 1 வரை வெளியே போக முடியாமல் இருந்தார்கள். அந்த ஓகஸ்ட் மாத மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்தது, மலசலகூடங்கள் நிரம்பி வழிந்தன. முகாம் கடைசியாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

இந்த நூல்களின் முகாம் பக்கங்களை என் உம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவருக்குக் கண் பார்வை குறைவு. நீராவிப்பிட்டியில் பிறந்தவர், 1990இலிருந்து புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். அரசியல் பகுதிகள் வந்தால் பேசாமல் இருப்பார். முகாம் வந்ததும் கேள்வி தொடங்கும்.

"தண்ணிக்கு என்ன செஞ்சாங்களாம்?"

"வரிசையாம் உம்மா. மணித்தியாலக்கணக்கா நிக்கணுமாம்."

"பொம்புளப் புள்ளையள் குளிக்க மறைப்பு இருந்திச்சா?"

"சேலையக் கட்டி மறைச்சாங்களாம்."

"யாரு புடிச்சிக்கிட்டு நின்டது?"

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அந்தக் கேள்வியை நான் கண்டதில்லை. சேலையைக் கட்டினால் போதாது, காற்றுக்குப் பறக்கும். ஒருத்தி குளிக்க ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்பது முகாமில் இருந்தவருக்குத்தான் தெரியும். அப்படிப் பிடித்துக்கொண்டு நின்ற பெண், குளித்த பெண்ணுக்குச் சொந்தக்காரியாக இருந்திருக்க வேண்டியதில்லை. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ முன்பின் பார்த்திராதவர்கள் ஒருவர் மறைவை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முகாமின் பலம் ஒருத்தியின் நெஞ்சுக்குள் இருந்தது என்பதைவிட, இப்படி இரண்டு பேருக்கு நடுவில் இருந்தது என்பதே சரி.

நமது சமூகத்தில் மனவுறுதிக்கு நாம் வைத்திருக்கும் சொல் ஸபூர். பெண்களுக்கு உபதேசமாகச் சொல்லும்போது அதைப் 'பொறுத்துக்கொண்டிரு' என்று சுருக்கிவிடுகிறோம். ஆனால் ஹாஜரா அம்மையாரின் ஸபூர் உட்கார்ந்திருந்த ஸபூர் அல்ல. பாலைவனத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தரம் ஓடிய ஸபூர். ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்களும் அந்த ஓட்டத்தைத்தான் ஓடுகிறார்கள். உம்மாவின் கேள்வி தண்ணீரில் தொடங்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது சங்கடத்துக்கு வருகிறேன். 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். முல்லைத்தீவில் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம் எல்லாம் வெறுமையாயின. அந்த இயக்கத்தில் இருந்த பெண்களின் சிறை அனுபவத்தை நாம் ஏன் உருகி உருகி வாசிக்கவேண்டும் என்று கேட்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் அற்பமாக நினைக்கவில்லை. கேட்கிறவர்களில் சிலர் தங்கள் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த பெண்களின் பிள்ளைகள்.

ஆனால் நமது வாசிப்பில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. புலிகள் இயக்கத்தவர் எழுதிய நூல் எதுவானாலும், புரட்டி, '1990 பற்றி எத்தனை பக்கம்' என்று எண்ணுகிறோம். பக்கம் இருந்தால் நல்ல நூல், குறைந்தால் கெட்ட நூல். இது கணக்குப்பிள்ளையின் வேலை, வாசகரின் வேலை அல்ல. ஒரு மன்னிப்பு வாக்கியம் எழுதிவிட்டு மிச்சத்தைப் பெருமையாக எழுதிய நூலைவிட, ஆட்களை விரட்டவும் அடைக்கவும் பிடித்துச் செல்லவும் ஓர் இயக்கம் எப்படிப் பழகிக்கொள்கிறது என்று காட்டும் நூல் நமக்கு அதிகம் சொல்கிறது. 1990இல் நம்மைத் துப்பாக்கியால் வெளியே அனுப்பியவர்கள், 2009இல் தங்கள் சொந்தச் சனத்தைத் துப்பாக்கியால் உள்ளே மறித்தார்கள். வெளியே போ என்பதும் உள்ளே இரு என்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கட்டளைகள். 'ஊழிக்காலம்' இதைக் கோட்பாடாகச் சொல்லவில்லை. பிள்ளையை ஒளித்துவைத்திருக்கும் தாயின் பயமாகச் சொல்கிறது.

தமிழினி இந்த இடத்தில்தான் முக்கியமாகிறார். பரந்தனில் பிறந்து, 1991இல் இயக்கத்தில் சேர்ந்து, அரசியல்துறை மகளிர் பொறுப்பாளரானவர். 2009 மே மாதத்தில் வவுனியா முகாமில் கைது, பிறகு வெலிக்கடைச் சிறையில் மூன்று ஆண்டு, அதன்பின் பூந்தோட்டத்தில் புனர்வாழ்வு, 2013இல் விடுதலை. 2015 ஒக்டோபர் 18இல் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இறந்தார். நூல் அச்சில் வந்தபோது அவர் இல்லை. வந்த கையோடு, இது அவர் எழுதியதே அல்ல, வேறு யாரோ சேர்த்தது என்ற குற்றச்சாட்டும் வந்தது. ஒரு பெண் தன் இயக்கத்தின் முடிவுகளையும் கடைசிக் காலக் கட்டாய ஆட்சேர்ப்பையும் குறை சொன்னால், அது அவள் கையெழுத்தாக இருக்கமுடியாது என்ற முடிவுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறார்கள்! வீரவுரை ஆற்றியபோது அது அவர் குரல்தான் என்று யாரும் சந்தேகப்படவில்லை.

நூலில் எனக்குக் குறை உண்டு. இயக்க வரலாற்றுப் பகுதிகள் பல இடங்களில் அறிக்கை போல் ஓடுகின்றன; தான் மேடையில் பேசிய பேச்சுகளைக் கேட்டு இயக்கத்துக்குப் போன பிள்ளைகளைப் பற்றி இன்னும் நெருங்கி எழுதியிருக்கலாம். ஆனால் சரணடைவும் விசாரணையும் சிறையும் வரும் பிற்பகுதியில் எழுத்தின் நடை மாறுகிறது. பொறுப்பாளர் என்ற பதவி கழன்ற பிறகு வருகிற குரல் அது. சிறையில் ஒருவர் உடையாமல் இருப்பதை நாம் உறுதி என்கிறோம். தான் நம்பியதை உடைத்துப் பார்க்கிற துணிவுக்கு நம்மிடம் தனிப் பெயர் இல்லை. எனக்கு இரண்டாவதுதான் அரிது.

வெற்றிச்செல்வியின் முகாம் வேறு. மன்னார்க்காரர், இயக்கத்தில் இருந்த காலத்தில் ஒரு கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவர். போருக்குப் பிறகு ஏறத்தாழ 12,000 பேரைப் புனர்வாழ்வு நிலையங்களில் வைத்தார்கள். அவர்களில் பெண்கள் 2,000க்கு மேல். வவுனியாவுக்குப் பக்கத்துப் பம்பைமடுவில், பல்கலைக்கழக வளாக மாணவர் விடுதிக்காகக் கட்டிய கட்டடங்களில் பெண்களை அடைத்தார்கள். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. எப்போது விடுவார்கள் என்ற திகதியும் இல்லை. சிறைத்தண்டனை பெற்றவளுக்காவது நாள் எண்ணலாம். 'புனர்வாழ்வு' என்ற பெயரே இந்த நூலை வாசித்தபின் நாக்கில் ஒட்டமாட்டேன் என்கிறது. வாழ்வைப் பறித்துவிட்டுத் தையலும் கேக் செய்வதும் சொல்லித் தந்தால் அது மறுபடி வந்துவிடுமா?

இந்த நூலின் பலம் அதன் தணிந்த குரல். ஒரு கையோடு உடுப்புத் தோய்ப்பது எப்படி, தலைமுடியை வாரிக் கட்டுவது யார், பார்க்க வருகிற அம்மாவிடம் எதைச் சொல்வது எதை மறைப்பது என்பதெல்லாம் அந்த வாழ்க்கையின் அன்றாடக் கேள்விகள். அங்கவீனமான ஒரு பெண் சிறைக்குள் இருக்கும்போது, உறுதி என்பது மற்றவர் கையைக் கேட்டு வாங்குவதும்தான். 'யார் தயவும் வேண்டாம்' என்று நெஞ்சு நிமிர்த்தும் வீரக் கதைகளில் பழகிய நமக்கு இது புதிது.

இந்த நூல்களில் மௌனம் இருக்கிற இடம் ஒன்று உண்டு. தடுப்புக்காவலில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் பாலியல் வன்முறை நடந்தது என்று நம்ப நியாயமான ஆதாரம் உண்டு என ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 செப்டெம்பர் அறிக்கை சொல்கிறது. நாட்டுக்குள் இருந்து, சொந்தப் பெயரில் எழுதும் பெண் அதை எவ்வளவு எழுதமுடியும்? விடுதலையான பிறகும் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்கள். அயலவர் வேறு 'அங்கே என்ன நடந்ததோ' என்று பார்வையால் கேட்கிறார்கள். ஒரு விமர்சகர் இந்த நூல்களை 'முழு உண்மையும் சொல்லவில்லை' என்று குறைகூறினால், அவர் எந்த ஊரில் இருந்து எழுதுகிறார் என்று பார்த்துக்கொள்வது நல்லது. எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவும் அவர்களுடையதுதான்.

பேசியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 1992இல் பொஸ்னியாவின் ஒமர்ஸ்கா முகாமில் ஆயிரக்கணக்கான ஆண்களோடு அடைக்கப்பட்ட பெண்கள் நாற்பதுக்கும் குறைவு. அவர்களில் ஒருவர் நுஸ்ரெதா சிவாச். பிரியேதோர் நகரின் நீதிபதி, பொஸ்னிய முஸ்லிம் பெண். பகலில் கைதிகளுக்குச் சாப்பாடு பரிமாற வைத்தார்கள். இரவில் அந்தப் பெண்கள் படுத்தது, பகலில் விசாரணை என்ற பெயரில் ஆண்களை அடித்த அறைகளில். வெளியே வந்ததும் அவரும் அவருடைய கிறிஸ்தவத் தோழி யத்ராங்கா சிகெல் என்ற சட்டத்தரணியும் மற்றப் பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார்கள். ஹேக் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். போரில் பெண்கள்மீது நடக்கும் பாலியல் வன்முறையைத் தனிக் குற்றமாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டதில் அந்தப் பெண்களின் பங்கு பெரிது. அவர்களுக்குப் போய்ச் சொல்ல ஒரு நீதிமன்றம் இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. பம்பைமடுவிலிருந்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு வாசல் இன்றுவரை திறக்கவில்லை. 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் கண்முன்னால் கையளித்த பிள்ளைகளைத் தேடி, 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் குந்தினார்கள், வருடக்கணக்காக எழும்பவில்லை. அதையும் உறுதி என்று பாராட்டிவிட்டுப் பஸ்ஸில் கடந்து போகிறோம்.

நமது பத்திரிகைகளில் அடிக்கடி வரும் இன்னொரு பெயர் நூர் இனாயத் கான். ஸூபி ஞானி ஹஸ்ரத் இனாயத் கானின் மகள், திப்பு சுல்தானின் வழிவந்தவர், இரண்டாம் உலகப்போரில் பாரிஸில் பிரித்தானியாவுக்காக இரகசிய வானொலி இயக்கியவர். 1943இல் பிடிபட்டு, ஜெர்மனியின் போர்ட்ஸைம் சிறையில் மாதக்கணக்காகச் சங்கிலியில் கிடந்து, 1944 செப்டெம்பர் 13ஆம் திகதி டாக்காவ் முகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். திப்புவின் இரத்தம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவர் கதையில் பெரிதாகப் படுவது ஒரு சின்னச் செய்தி: தனிச்சிறையில் இருந்த அவர், சாப்பாட்டுக் கிண்ணத்தின் அடியில் கீறி எழுதி, வேறு அறையிலிருந்த பெண் கைதியோடு பேசினார், தான் வைத்துக்கொண்டிருந்த பெயரையும் லண்டனில் இருந்த தாயின் விலாசத்தையும் அப்படித்தான் தெரிவித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்க்க ஒரு பெண் அந்தப் பக்கம் இருந்தபடியால்தான் நமக்குத் தெரியவந்தது. மறுபடியும் இரண்டு பேர்.

கிண்ணத்தின் அடியில்கூட எழுத வழியில்லாமல் போனவர்களும் வன்னி மண்ணில் உண்டு. சேமமடுவைச் சேர்ந்த கவிஞர் செல்வி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது 1991 ஓகஸ்டில் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். திரும்பி வரவில்லை. சிறை எழுத்தைப் பற்றிப் பேசும்போது வெளியே வந்தவர்களின் நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு 'பெண்களின் உறுதி வென்றது' என்று முடிக்கிறவர்கள், இவரை எந்தக் கணக்கில் வைப்பார்கள்? உறுதி இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்றால், பிழைக்காதவர்களுக்கு உறுதி இல்லை என்று ஆகிவிடும். அந்தச் சொல்லின்மீது எனக்குள்ள கோபத்தின் அடி இதுதான்.

நம்மவர்களில் இந்த இடத்துக்குத் துணிந்து போனவர் ஸர்மிளா ஸெய்யித். 'உம்மத்' நாவலில் தவக்குல் என்ற முஸ்லிம் சமூகப் பணியாளருக்குப் பக்கத்தில், போரில் காலை இழந்த முன்னாள் போராளி யோகாவை நிறுத்தினார். நாவலைச் சுற்றி எழுந்த சண்டை வேறு காரணங்களுக்காக. அதில் நான் இறங்கவில்லை. யோகாவை அவர் வீராங்கனை என்று தூக்கவில்லை, எதிர்ப்பக்கத்தவள் என்று தள்ளவுமில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு இயக்கத்துக்குப் போனவள் என்று சொந்த ஊரே ஒதுக்கும் ஒரு பெண்ணை, இன்னொரு சமூகத்துப் பெண் எப்படிப் பார்க்கிறாள் என்று எழுதினார். அந்தப் பார்வைக்கு முன்னோடி நம் எழுத்தில் அதிகமில்லை.

ஆனால் நமது முகாம்களைப் பற்றி? புத்தளத்திலும் கல்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் இருபது வருடம் வாழ்ந்த பெண்கள் எழுதிய 'ஊழிக்காலம்' எங்கே? வெளியேற்றம் பற்றி நம் ஆண்கள் எழுதினார்கள். கவிதைகள் வந்தன, மலர்கள் வந்தன. வட மாகாண முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பெண்களும் வாக்குமூலம் தந்திருக்கிறார்கள். வாக்குமூலம் கேட்கப்பட்ட கேள்விக்குச் சொல்லும் பதில். நூல் என்பது கேட்கப்படாததையும் சொல்வது. முள்கம்பி இல்லாதபடியால் அது சிறைமுகாம் அல்ல என்று சொல்லலாம். திரும்பிப்போக ஊர் இல்லாத இடத்துக்குக் கம்பி எதற்கு? கல்பிட்டி வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலிக்கு நின்ற பெண்களைப் பற்றி, 'எங்கள் தாய்மாரின் ஸபூர்' என்று ஒக்டோபர் தோறும் ஒரு பத்தி எழுதுகிறோம். அவர்களுடைய நாட்கூலி எவ்வளவு என்று ஒரு பத்தியிலும் இல்லை.

அந்த முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இப்போது முப்பது தாண்டிவிட்டார்கள். பட்டம் பெற்றிருக்கிறார்கள், சிலர் ஆய்வும் செய்கிறார்கள். தண்ணீர் வரிசையில் நின்ற பெண்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள். இருக்கிறவர்களிடம் போகும்போது, எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்கவேண்டாம். எந்தக் கிணறு, எத்தனை குடம், முதல் மழைக்குக் கிடுகு ஒழுகியபோது குர்ஆனை எங்கே வைத்தீர்கள், பெரிய மகள் வயதுக்கு வந்தபோது மறைப்பு எதனால் கட்டினீர்கள், யார் பிடித்துக்கொண்டு நின்றது என்று கேட்கலாம். என் உம்மாவிடம் நான் கேட்டது அதைத்தான். பிடித்துக்கொண்டு நின்றவர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஒரு ராத்தாவாம். பெயர் ஞாபகமில்லை என்றார். அவருடைய சேலையின் நிறத்தைச் சொன்னார்.